காடு எரிந்தால் நமக்கென்ன?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டு முடிந்த நிலையில், காடுகளைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். ஜமாஅத் கூட்டத்தில் காட்டைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். மதுக்கரையில் வாழ்வோர் அவ்வாறு எண்ணுவதற்கு இடமில்லை. நமக்கு மேற்கே நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. அம்மலைத்தொடர் இடைவெளி விட்டுப் பாலக்காட்டுக் கணவாயாகத் திறக்கும் இடத்தில் நம் ஊர் அமைந்திருக்கிறது. கோவை வனக்கோட்டத்தின் வனச்சரகங்களுள் ஒன்று நம் ஊரின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆகவே மதுக்கரை வனச்சரகத்தில் தீப்பிடித்தது என்று நாளிதழில் வரும்போது, நம் வீட்டு முகவரியைச் சொல்லி எரிந்தது என்றே நாம் படிக்க வேண்டும்.

2023-ஆம் ஆண்டுச் செய்தி

அத்தகைய செய்தி 2023 ஏப்ரல் மாதத்தில் வந்தது. ஆலாந்துறையை அடுத்த நாதேகவுண்டன்புதூர் பகுதியில், மதுக்கரை வனச்சரகத்திற்குட்பட்ட மலைச்சரிவில் தீப்பற்றியது. வனத்துறையினரும் தீயணைப்புத் துறையினரும் நாட்கணக்கில் போராடியும் தீ அடங்கவில்லை. ஒருபுறம் அணைத்தால் மறுபுறம் மூண்டது. செங்குத்தான பாறைச் சரிவுகளில் ஆட்கள் ஏறிச் செல்லவும் வழியில்லை. முடிவில் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து எம்.ஐ.-17 வகை ஹெலிகாப்டர் வரவழைக்கப்பட்டது. அது கேரளத்தின் மலம்புழா அணையில் பெரும் வாளியால் நீரை மொண்டு வந்து எரியும் சரிவுகளின் மேல் கொட்டியது. நம் மலையில் எரிந்த தீயை அணைக்க அண்டை மாநிலத்து அணைநீரும் இராணுவ ஹெலிகாப்டரும் தேவைப்பட்டன. மூட்டுவதற்கு ஒரு தீக்குச்சி போதும். அணைப்பதற்கு ஓர் அரசே திரண்டு வரவேண்டும் என்பதை அந்த ஏப்ரல் நமக்குக் காட்டியது.

தீயை மூட்டுவது யார்?

மூங்கிலும் மூங்கிலும் உரசித் தீப்பிடிக்கிறது என்று நாம் சிறுவயது முதல் கேட்டு வந்திருக்கிறோம். மின்னல் விழுந்து தீப்பிடிக்கும் என்றும் சொல்லக் கேட்டிருக்கிறோம். நம் நாட்டில் மின்னல் பெரும்பாலும் மழையோடு சேர்ந்தே வருகிறது. வந்த மழையே அதன் தீயை அவித்துவிடும். இந்தியக் காடுகளில் மூளும் தீ மிகப் பெரும்பாலும் மனிதரால் மூட்டப்படுவது என்பதே வனவியல் அறிஞர்களின் முடிவு. சில தீ வேண்டுமென்றே வைக்கப்படுகிறது. பல கவனக்குறைவால் நேர்கின்றன.

நம் பக்கத்து மலையடிவாரக் காடுகள் இலையுதிர் காடுகள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தை, மாசி மாதங்களில் மரங்கள் இலைகளை உதிர்த்துவிடுகின்றன. புல்லும் காய்ந்து நிற்கிறது. கோடை மழை வரும்வரை தரை முழுவதும் காய்ந்த சருகு மெத்தையாகக் கிடக்கிறது. அந்த வேளையில் மலையடிவாரத் தோட்டத்துக்காரர் வரப்பில் குவித்த குப்பைக்குத் தீ வைத்துவிட்டு வீடு திரும்புகிறார். புதுப்புல் துளிர்க்குமென்று ஆடு மாடு மேய்ப்பவர் காய்ந்த புல்லைக் கொளுத்துகிறார். தேன் எடுக்கப் போனவரின் புகைப்பந்தம் அணையாமல் கிடக்கிறது. சாலையோரத்தில் ஒருவர் பீடித்துண்டை வீசிவிட்டுப் போகிறார். உல்லாசமாகச் சமைத்து உண்ண வந்த இளைஞர் கூட்டம் அடுப்பின் கங்கை அவிக்காமல் புறப்பட்டுவிடுகிறது. இவர்களுள் எவரும் காட்டை அழிக்கப் புறப்பட்டவர் இல்லை. ஆயினும் காடு எரிந்துவிடுகிறது.

மலைத் தீக்கு ஓர் இயல்பு உண்டு. அது சமதளத்தைவிடச் சரிவில் மேல்நோக்கி விரைந்து ஓடும். கீழே எரியும் தீயின் வெப்பம், மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய்ச்சிவிடுகிறது. எரியும் கட்டைகளோ கீழே உருண்டு புதிய இடங்களில் தீயை மூட்டுகின்றன. கணவாய்க் காற்றும் சேர்ந்துகொண்டால் தீ எத்திசையில் திரும்புமென்று எவராலும் சொல்ல முடியாது.

2018 மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நேர்ந்த துயரத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையிலிருந்தும், நம் கொங்கு மண்டலத்து ஈரோடு, திருப்பூர் ஆகிய ஊர்களிலிருந்தும் மலையேறச் சென்றவர்கள் புல்சரிவில் தீயின் நடுவே சிக்கிக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் இளம் வயதினர். அதன் பின்னரே அவ்வாண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது.

எரிந்தது எது?

தீ அணைந்த சில வாரங்களில் கோடை மழை பெய்கிறது. பெரிய மரங்கள் மீண்டும் தழைக்கின்றன. ஊரிலிருந்து பார்ப்பவர்க்கு மலை பச்சையாகத் தெரிகிறது. "காடு மறுபடியும் வந்துவிட்டது, பெரிய இழப்பு ஒன்றும் இல்லை" என்று பேசிக்கொள்கிறோம். நான் இன்று உங்கள் முன் வைக்க விரும்பும் செய்தி இதுதான்: தீயின் இழப்பு எரிந்த மரங்களில் இல்லை, வளராமல் போன மரங்களில் இருக்கிறது.

தேக்கு, வேங்கை, வெக்காலி போன்ற மரங்களுக்கு வயது முதிர முதிரப் பட்டை தடித்துவிடுகிறது. தரையோடு ஓடும் தீயை அவை பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றன. ஆனால் அவற்றின் காலடியில் முளைத்து நிற்கும் முழங்கால் உயர நாற்றுகள் கருகிவிடுகின்றன. சில நாற்றுகள் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். தீயின் கைக்கு எட்டாத உயரத்தை அடைய அவற்றுக்குத் தொடர்ந்து சில ஆண்டுகள் தீயில்லாத காலம் வேண்டும். அடுத்த ஆண்டே மீண்டும் தீ வந்தால் மறுபடி கருகுகின்றன. இப்படி ஆண்டுதோறும் எரியும் காட்டில் பெரிய மரங்கள் மட்டுமே நிற்கும், இளமரங்கள் இரா. குழந்தைகள் இல்லாமல் முதியோர் மட்டுமே வாழும் ஊரை எண்ணிப் பாருங்கள். அவ்வூரில் இன்று வீடுகள் நிறைந்திருக்கலாம். முப்பது ஆண்டுகள் கழித்து அங்கே யார் இருப்பார்கள்?

நாற்றுகள் மடிந்த இடத்தில் வேறொன்று குடியேறுகிறது. அதுதான் உண்ணிச்செடி. அழகுக்காக வளர்ப்பதற்கென்று அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவரப்பட்ட அச்செடி, இன்று நம் காடுகளில் புதர்புதராக மண்டிக் கிடக்கிறது. ஆடு மாடும் யானையும் அதை விரும்பி உண்பதில்லை. காய்ந்தால் நன்றாக எரிகிறது. தரையோடு போக வேண்டிய தீயை மரத்தின் கிளை வரை ஏற்றிவிடுகிறது. எரிந்த பின்னரும் வேரிலிருந்து முதலில் தழைக்கிறது. தீ உண்ணிச்செடியை வளர்க்கிறது. உண்ணிச்செடி அடுத்த தீயை வளர்க்கிறது.

மண்ணுக்கும் கேடு நேர்கிறது. சருகு மூடிய மண், மழைநீரைப் பஞ்சு போல் உறிஞ்சி மெல்ல மெல்ல ஓடைக்கு விடும். சருகெரிந்த வெற்று மண்ணில் முதல் மழை சாம்பலையும் மேல்மண்ணையும் ஒருசேர அடித்துச் செல்கிறது. மழை நாளில் வெள்ளமாகப் பாயும் ஓடை, மழை நின்ற சில நாட்களில் வறண்டு போகிறது. நொய்யலாற்றைத் தோற்றுவிப்பது வெள்ளியங்கிரி மலைச்சரிவின் ஓடைகளே. சிறுவாணி நீரின் சுவையைப் பெருமையாகப் பேசுகிற நாம், அந்தச் சுவையைத் தருவது மலைக்காடு என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

தீயெல்லாம் தீமை என்று நான் சொல்லவில்லை. வனத்துறையினரே கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடுகள் அமைத்து, அங்குள்ள சருகை ஆட்களை நிறுத்தி அளவாக எரிக்கிறார்கள். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர் முதலான பழங்குடியினர், பருவமறிந்து வைக்கும் சிறு தீ புதர் மண்டாமல் காக்கும் என்று சொல்லி வருகின்றனர். அதைப் பற்றி அறிஞர்களிடையே விவாதமும் நடக்கிறது. காலமறிந்து, அளவறிந்து, காவலிருந்து வைக்கும் தீ வேறு. பங்குனி வெயிலில் பொறுப்பற்றுப் போட்ட தீ வேறு.

கோடரியின் கதை

தீ காட்டின் பிள்ளைகளைக் கொண்டுபோகிறதென்றால், கோடரி அதன் பெரியோரைக் கொண்டுபோயிற்று. நம் ஊர் வழியே செல்லும் இருப்புப்பாதை, சென்னையையும் மேற்குக் கடற்கரையையும் இணைக்க 1860-களின் தொடக்கத்தில் போடப்பட்டது. தண்டவாளங்களுக்கு அடியில் பரப்பவும், நீராவி எஞ்சின்களுக்கு விறகாக்கவும் மரங்கள் பெருமளவில் வெட்டப்பட்ட காலம் அது. கப்பல் கட்டவும் ஆனைமலைத் தேக்கு போயிற்று. மலையுச்சியிலிருந்து தேக்குத் தடிகளைச் சரிவில் வழுக்கிவிட்ட இடமே பின்னர் டாப்சிலிப் என்ற பெயரைப் பெற்றது. இப்படியே போனால் மரமே மிஞ்சாது என்று அரசுக்கே அச்சம் வந்தது. 1856-இல் சென்னை மாகாணத்தில் வனத்துறை தோன்றி, கிளெக்கான் என்ற மருத்துவர் அதன் முதல் காப்பாளரானார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹியூகோ உட் என்ற வன அதிகாரி, வெட்டியழிக்கப்பட்ட ஆனைமலைச் சரிவுகளில் தேக்கை மீண்டும் வளர்த்தெடுத்தார். தாம் வளர்த்த மரங்களிடையே டாப்சிலிப்பில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

சட்டத்தின் கதையும் நம் அண்டை மலையிலிருந்தே தொடங்குகிறது. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து, நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு என்பார் 1995-இல் உச்சநீதிமன்றத்தை அணுகினார். 1996 டிசம்பர் 12-இல் அவ்வழக்கில் பிறந்த ஆணை இந்தியா முழுவதற்கும் பொருந்துவதாயிற்று. அரசு ஏட்டில் காடு என்று எழுதப்பட்டதை மட்டுமின்றி, காடாக நிற்பதையெல்லாம் காடென்றே கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. ஒரு தனிமனிதர் தொடுத்த வழக்கு நாடு முழுவதும் கோடரிக்குத் தடை போட்டது.

ஆயினும் களவு ஓயவில்லை. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறப்பட்ட 20 பேர் அம்மாநிலக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி முதலான நம் மாவட்டங்களின் ஏழைக் கூலித் தொழிலாளர்கள். செம்மரம் கடல்கடந்து பெருவிலைக்கு விற்கிறது. அவ்விலையைப் பெறுபவர் காட்டுக்குள் வருவதில்லை. கூலிக்கு வந்தவரே குண்டுக்கு இலக்கானார்.

உலகளவிலும் இதே நிலைதான். 1990 முதல் 2020 வரை உலகில் ஏறத்தாழ 42 கோடி ஹெக்டேர் காடு பிற பயன்பாட்டுக்கு மாற்றப்பட்டுவிட்டதாக ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2020-இல் கணக்கிட்டது. 2015-இல் இந்தோனேசியாவின் சுமத்திராவிலும் போர்னியோத் தீவிலும், எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்காகவும் காகிதக்கூழ் மரங்களுக்காகவும் நிலம் திருத்த வைத்த தீ வாரக்கணக்கில் எரிந்தது. அதன் புகைமூட்டம் மலேசியாவையும் சிங்கப்பூரையும் சூழ்ந்து பள்ளிக்கூடங்களை மூடச் செய்தது. அந்நாடுகளில் உறவினர் உள்ளோர் அந்நாட்களை அறிவார்கள். புகைக்கு எல்லைக்கோடு தெரியாது.

யானையும் இருப்புப்பாதையும்

காடு மெலிந்தால் அதில் வாழும் உயிர்கள் வெளியே வருகின்றன. புல்லும் மூங்கிலும் எரிந்து, உண்ணிச்செடி மண்டிய சரிவில் யானைக்கு உணவில்லை. அது வாழைத்தோட்டத்தையும் சோளக்காட்டையும் நாடி வருகிறது. வழியில் இருப்பதோ இருப்புப்பாதை. 2021 நவம்பர் 26-ஆம் நாள் இரவு, நவக்கரைக்கு அருகில் மங்களூரு–சென்னை இரயில் மோதி மூன்று யானைகள் மாண்டன. இத்தகைய மரணங்களைத் தடுக்க, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு யானைகளின் நடமாட்டத்தை முன்னறிவிக்கும் கண்காணிப்புக் கோபுரங்கள் 2024 பிப்ரவரியில் மதுக்கரைப் பகுதியில் செயற்படத் தொடங்கின. பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் எந்தக் கோபுரமும் யானையின் வயிற்றை நிரப்பாது. காடுதான் நிரப்ப வேண்டும்.

விலை கொடுப்பவர் யார்?

இதுவரை சொன்னவற்றில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. தீ வைத்தவர் வேறு. விலை கொடுப்பவர் வேறு. சரிவில் இலைதழைக் கொத்துகளால் தீயை அடித்து அணைக்கிறவர்கள் வனக்காவலர்களும், பருவகாலக் கூலிக்கு அமர்த்தப்படும் இருளர் முதலான பழங்குடி மக்களுமே. ஓடை வறண்டால் முதலில் தவிப்பவர் கீழ்நிலத்துச் சிறு விவசாயி.

இதில் நம் வரலாற்றுக்கும் ஒரு பாடம் உண்டு. நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் சுற்றெல்லைக்குள் மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடுத்தார்கள். ஹிமா என்னும் காப்பு மேய்ச்சல் நிலங்களும் அரபு மண்ணில் இருந்தன. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அத்தகைய நிலத்தின் காவலருக்குக் கட்டளையிட்டபோது, சில ஆடுகளும் ஒட்டகங்களும் மட்டுமே உடைய ஏழைகளை உள்ளே விடுமாறும், பெருமந்தை உடைய செல்வர்களைத் தடுக்குமாறும் கூறினார்கள். தடுக்கப்பட்ட செல்வர்கள் அவருடைய நெருங்கிய தோழர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. பொதுச்சொத்தைக் காக்கும்போது எளியவர் நசுங்கக்கூடாது, வலியவர் தப்பக்கூடாது என்பதே அதன் பொருள். நம் கொங்கு நாட்டில் ஊர் மக்கள் கோயில் காடுகளில் ஒரு சுள்ளியையும் ஒடிக்காமல் காத்ததும் இவ்வகைக் கட்டுப்பாட்டினால்தான்.

நாம் செய்யத்தக்கவை

பெருமக்களே! இவற்றையெல்லாம் கேட்டு வருந்திவிட்டுக் கலைந்து போவதால் பயனில்லை. நம் கைக்கெட்டிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று: தை முதல் சித்திரை வரை மலையடிவாரத் தோட்டங்களில் குப்பையோ காய்ந்த பயிர்த்தாளோ எரிக்க வேண்டாம். மக்கச் செய்தால் உரமாகும். எரித்தே தீர வேண்டுமெனில், சுற்றிலும் மண்ணைக் கொத்திச் சுத்தம் செய்து, காற்றில்லாத வேளையில், தண்ணீரோடு ஆள் நின்று, கங்கு குளிர்ந்த பிறகே திரும்ப வேண்டும்.

இரண்டு: திருமண விருந்துகளுக்கும் நோன்புக் கஞ்சிக்கும் நாம் விறகு வாங்குகிறோம். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்குவோம். சவுக்கு, சீமைக்கருவேலம் ஆகியவை தோட்டத்திலும் தரிசு நிலத்திலும் கிடைப்பவை. அவற்றை எரிப்பதால் காட்டுக்குக் கேடில்லை.

மூன்று: வீடு கட்டுவோரும் மர வணிகத்தில் ஈடுபடுவோரும், கதவுக்கும் நிலைக்கும் வாங்கும் மரத்துக்கு முறையான சீட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரத்தைக் கொண்டுசெல்வதற்கென்றே 1968 முதல் தமிழ்நாட்டில் விதிகள் உள்ளன. விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று சீட்டில்லாத மரத்தை வாங்குவது, திருட்டில் பங்கு வாங்குவதேயாகும்.

நான்கு: விடுமுறை நாட்களில் மலைப்பக்கம் செல்லும் நம் பிள்ளைகளிடம், அனுமதியின்றிக் காப்புக் காட்டில் நுழைவது குற்றம் என்பதையும், கோடையில் அங்கு ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கக்கூடாது என்பதையும் பெற்றோர் சொல்லி வைக்க வேண்டும். குரங்கணியில் மாண்டவர்களும் ஒரு வீட்டின் பிள்ளைகளே.

ஐந்து: மலையில் புகை கண்டால் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பும் முன் வனச்சரக அலுவலகத்துக்கோ 101 என்ற தீயணைப்பு எண்ணுக்கோ தகவல் சொல்லுங்கள். டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியே தீயைக் கண்டறிந்து எச்சரிக்கை அனுப்புகிறது. ஆனால் செயற்கைக்கோள் நம் மலைக்கு மேல் கடந்து செல்லும் நேரம் வரவேண்டும். நம் கண்களோ எப்போதும் இங்கேயே இருக்கின்றன. முதல் மணி நேரத்தில் நான்கு பேர் அணைக்கக்கூடிய தீயை, மூன்றாம் நாளில் நானூறு பேராலும் அணைக்க முடியாமற்போகலாம்.

இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை. நிர்வாகக் குழு விரும்பினால், ஒவ்வோர் ஆண்டும் தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் பின் இந்த ஐந்தையும் அறிவிப்பாக வாசிக்கச் செய்யலாம். ஊரிலுள்ள பிற சமூகத்தாரின் அமைப்புகளையும் அணுகி அவர்களோடு இணைந்து செய்வது இன்னும் சிறப்பு. மலை எல்லோருக்கும் பொது. புகையும் எல்லோருக்கும் பொது.

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் காடு மூடிய பரப்பு என்று 2021-ஆம் ஆண்டின் வன அறிக்கை கூறுகிறது. மூன்றில் ஒரு பங்கு வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக்கொள்கை. அந்த இடைவெளியை நட்டு நிரப்புவது அரசின் பெரும் பணி. ஏற்கெனவே தானாக முளைத்து நிற்கும் நாற்றுகளைச் சில ஆண்டுகள் தீயிலிருந்து காப்பது நம் பணி. அவை நம் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டால், பிறகு தம்மைத் தாமே காத்துக்கொள்ளும். நம் பேரப்பிள்ளைகளின் கிணற்றுக்கும் அவையே நீர் தரும்.